மூன்று பேருக்கான ஓட்டு இயந்திரம்

காணாமல் போன தம்பியைத் தேடுவதை நிறுத்தலாமா என்று வாய்விட்டுக் கேட்க எனக்கும் தைரியமில்லை, தங்கைக்கும் இல்லை, தம்பி மனைவிக்கும் இல்லை. அதனால் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மகாமேதையான நான், லாஜிக் சிப்புகளையும் ஊரைச் சுற்றிவரும் நீளத்துக்கு ஒயரையும் வைத்து ஓர் ஓட்டு இயந்திரம் செய்தேன்.

"மூணு துண்டுச் சீட்டு போதாதாண்ணா?"

"கையெழுத்து காட்டிக்கொடுத்துடும்டி."

'தேடலாம்', 'போதும்' என்று இரண்டே பொத்தான்கள். மூன்று ஓட்டு விழுந்ததும் பூட்டிக்கொள்ளும். அப்புறம் யானையே ஏறி உட்கார்ந்தாலும் எண்ணாது.

ஒவ்வொருவராக அறைக்குள் போய் அழுத்தினோம். பிறகு சேர்ந்து பார்த்தோம்.

போதும்: மூன்று. தேடலாம்: ஒன்று.

"நாம மூணு பேர்தானேண்ணா?"

"ஒயர் மாறியிருக்கும்" என்று சொல்லி ரீசெட்டை அழுத்தினேன். மூன்று பூஜ்யமானது. ஒன்று அப்படியே நின்றது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த ஒன்று அணையாமல் நின்றது.

தம்பி மனைவி எழுந்து போய், பட்டப்பகலில், வாசல் விளக்கைப் போட்டாள்.