மூடாத ஓட்டை

"வெளியிலிருந்து வர்ற எதையும் சோதிக்காம உள்ளே விடாதே." பெர்ல் என்ற கணினி மொழியில் நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தவன் அன்று அவளிடம் சொன்னது இது.

"நீங்க அனுப்பினாலுமா?"

"நான் அனுப்பினாலும்தான்."

இன்று அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அக்கா, நம்ம இணையதளத்துல பேர் கேக்குற கட்டத்துல கட்டளை எழுதி, ஒருத்தன் சர்வருக்குள்ளேயே புகுந்திருக்கான். ரெண்டு வருஷமா வந்து போறான்."

"எதை எடுத்தான்?" என்றாள் அவள் அலுப்போடு.

"அதான் கூத்து. புது நிரல்ல நீங்க தூக்கக் கலக்கத்துல வரி முடிவுல விட்ட அரைப்புள்ளியையெல்லாம் போட்டுட்டுப் போயிருக்கான். திருட வந்தவன் வீடு பெருக்கிட்டுப் போன கதைதான். ஆனா, அதே வழியில நாளைக்கு எவன் வேணாலும் வரலாம். இவ்வளவு பெரிய ஓட்டையை எப்படிக்கா கவனிக்காம விட்டீங்க?"

கவனிக்காமல் இல்லை. நிரல் கற்றுக்கொடுத்து, பிறகு கணவனும் ஆனவன் கோபித்துக்கொண்டு வேறு வீட்டுக்குப் போனதிலிருந்து, வந்து போவது அவன்தான் என்று தெரிந்தேதான் அவள் அதை மூடாமல் வைத்திருந்தாள்.

பெயரைச் சோதிக்கும் வரியை எழுதி ஓட்டையை அடைத்தாள். பிறகு கணவனைப் போனில் அழைத்தாள்.

"அந்த வழியை மூடிட்டேன்."

பக்கத்து மேசைக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"தனியா என்னால முடியலைங்க. இனிமே வாசல் வழியா வீட்டுக்கு வந்துடுங்க."