விழுந்தாத்தான் வருவாரு

"விழு தம்பி, ஒரே ஒரு தடவை விழு."

செல்போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு இலக்கியா முணுமுணுத்ததைக் கேட்டு, அம்பிகா வாசப்படியிலேயே நின்றுவிட்டாள்.

அம்பிகா இலக்கியாவின் நாத்தனார். பெரம்பலூரில் வாழ்க்கைப்பட்டவள். வெள்ளிக்கிழமை என்று சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குப் போனவள், அப்படியே பஸ் ஏறி அரியலூர் பக்கம் பிறந்த வீட்டையும் எட்டிப் பார்க்க வந்திருந்தாள்.

போனில் புட்பால் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரப் பையன் ஒருத்தன் பந்தை உருட்டிக்கொண்டு ஓடினான்.

"யாரு புள்ள அவன்?"

இலக்கியா தயங்கித் தயங்கிச் சொன்னாள். பேரு நீல்ஸாம். ஸ்வீடன் நாட்டுப் பையன். பனி கொட்டுற ஊர்லேருந்து அம்மாவை விட்டுட்டு வந்து, கத்தார் வெயில்ல ஆடுறான். போன வருசம் வேற நாட்டுல ஆடி, அங்க சரியா அமையல. இங்கயும் ஒரு வருசத்துக்குத்தான் எடுத்திருக்காங்க. நல்ல பேரு எடுத்தா வச்சுக்குவாங்க, இல்லேன்னா அனுப்பிடுவாங்க.

அம்பிகாவுக்கு முகம் சுருங்கியது. இவள் புருசன், தன் கூடப்பிறந்த தம்பி, வெளிநாட்டில் கிடந்து வேகிறான். இவளானால் வெள்ளைக்காரன் சாதகத்தையே மனப்பாடமாகச் சொல்கிறாள். வெள்ளிக்கிழமையானால் இவள் போனும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறாள் என்று தெருவில் ஏற்கெனவே பேச்சு இருந்தது.

"இவ்வளவு தெரியுதுல்ல. அப்புறம் எதுக்கு அவன் விழணும்னு வேண்டுற? அவனும் ஒரு தாய் பெத்த புள்ளதானே?"

இலக்கியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவன் விழுந்தாத்தான் அண்ணி, உங்க தம்பி வருவாரு."

இலக்கியாவின் புருசன் கொளஞ்சியப்பனுக்கு அந்த மைதானத்தில்தான் வேலை. மற்ற நாளில் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சுவான். மேட்ச் அன்றைக்கு ஸ்ட்ரெச்சர் தூக்குவான். யாராவது அடிபட்டு விழுந்தால்தான் உள்ளே ஓடி வருவான்.

அதான் தினமும் வீடியோ காலில் பார்க்கிறீர்களே, இது எதற்கு என்று அம்பிகா கேட்டாள்.

"பாப்பாவுக்காக அண்ணி."

பாப்பா குப்புற விழுவதற்கு முன்னாடியே விமானம் ஏறிய மனுசன். அடுக்குக் கட்டிலில் உட்கார்ந்துதான் பேசுவான், கழுத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. ஒரு நாள் பால்வாடியில் டீச்சர், அப்பா எங்கேம்மா என்று கேட்டிருக்கிறார். "அப்பா போனுக்குள்ள இருக்காரு, அவருக்குக் காலு இல்ல" என்று சொல்லியிருக்கிறது பாப்பா.

பொங்கலுக்கு அவன் லீவில் வருகிறான். எதிர்வீட்டு வைரக்கண்ணு துபாயிலிருந்து வந்தபோது, அவர் மகனே இந்த ஆளைப் போகச் சொல்லு என்று கத்தி அழுததில், மனுசன் அன்றைக்கு வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்தார். நம் வீட்டிலும் அப்படி ஆகிவிடுமோ என்று இலக்கியாவுக்குப் பயம்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே நீல்ஸ் விழுந்தான். நடுவர் விசில் ஊதினார், கூட்டம் கத்தியது. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

மூலையில் செப்பு வைத்து விளையாடிய பாப்பா எழுந்து ஓடி வந்து போனுக்கு முன்னால் குந்தியது.

"அப்பா ஓடுறாரு" என்றது அத்தையிடம், பெருமையாக.

அம்பிகாவும் குனிந்து பார்த்தாள். "இளைச்சுட்டான்" என்றாள்.

கோட்டுக்கு வெளியே கொண்டுபோய் இறக்கினதும் நீல்ஸ் எழுந்தான். காலை ஒரு உதறு உதறினான். கன்றுக்குட்டி மாதிரி உள்ளே ஓடினான். நடுவர் எச்சரிக்கும் மஞ்சள் அட்டையைக் காட்டினார். கூட்டம் அவனைப் பார்த்து ஊளையிட்டது.

"நல்லாத்தானே ஓடுறான்? ஊரையே ஏமாத்துறானே" என்றாள் அம்பிகா.

இலக்கியா அப்படி நினைக்கவில்லை. பையனுக்குக் காலில் வலு இல்லை, போதாததுக்குத் தன் வேண்டுதல் வேறு அவனைத் தள்ளிவிடுகிறது என்று அவளுக்கு உறுத்தல். அவன் கால் நல்லா இருந்தால் மாவிளக்குப் போடுவதாக மதுரகாளியம்மனுக்கு நேர்ந்திருக்கிறாள்.

அம்பிகாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விழணும்னும் வேண்டுற, காலு நல்லா இருக்கணும்னும் வேண்டுற. ஆத்தா எதைத்தான் புள்ள கேப்பா?"

மேட்ச் முடிந்து கொளஞ்சியப்பன் கூப்பிட்டான். அம்பிகா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"டேய், அந்த வெள்ளைக்காரப் பய காலுக்கு உன் பொண்டாட்டி மாவிளக்கு நேர்ந்திருக்கா. அவன் என்னடான்னா நடிக்கிறான். அந்த ஏமாத்துக்காரனுக்குப் போயி வெளக்கா?"

கொளஞ்சியப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அவன் காலுக்கு ஒண்ணுமில்லதான்க்கா. நடிக்கத்தான் செய்யுறான். எனக்குக் காலு இல்லன்னு பாப்பா சொன்னதையும், வீட்டுல மேட்ச் பாக்குறதையும் ஒரு நாள் அவன்கிட்ட அரைகுறை இங்கிலீசுல சொல்லிச் சிரிச்சேன். அவன் சிரிக்கல. அதுலேருந்து, ஜெயிக்கிற மேட்சுல எல்லாம் கடைசியில இப்படி விழுந்துடுறான். உன் பேரு கெட்டுப்போவுது, வேணாம் தம்பின்னு எவ்வளவோ சொல்லிட்டேன், கேக்க மாட்டேங்கிறான்."

இலக்கியா பாப்பாவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்குக் கூட்டம் அவனைப் பாத்துக் கத்துது. சட்டுனு வெளிய கொண்டுபோயிடலாம்னு நான் ஓட்டமா ஓடுறேன். ஸ்ட்ரெச்சர்ல படுத்தபடியே என் கையைப் புடிச்சு இழுக்கிறான்க்கா."

"எதுக்குடா?"

"'மெதுவா நட, உன் பொண்ணு பார்க்கட்டும்'னான்."