தேசப்பன் கடிதம்

1988-இல் எங்கள் இறால் கம்பெனிக்குப் புது கம்ப்யூட்டர் வாங்கினேன். பழையதிலுள்ள கடிதங்களை இலவசமாக மாற்றித்தர வேண்டும் என்று பேரத்திலேயே சேர்த்துவிட்டேன். இலவசத்தை விட்டால் எங்கள் குடும்பத்தில் சேர்க்கமாட்டார்கள்.

மீஞ்சூரிலிருந்து வந்த கம்ப்யூட்டர் கடைப் பையன் இளங்கோவன் இரண்டு மிஷினையும் வயரால் இணைத்தான். முதல் கடிதம் தெய்வநாயகிக்கு வேண்டியது. நான்கு வருடம் முன்பு எங்களுக்காக இறால் பிடிக்கக் கடலுக்குப் போய்ப் புயலில் சிக்கிய அவள் புருஷன் தேசப்பன் திரும்பவில்லை என்று தாசில்தாருக்கு நாங்கள் எழுதியது. அதன் நகல் இருந்தால்தான் மரணச் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் மகன் பேருக்குப் படகு மாறும். அக்கரையில் லைட்ஹவுஸ் குப்பத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு படகில் ஏரியைக் கடந்து காலையிலேயே வந்துவிட்டாள்.

புதுத் திரையைப் படித்தான் இளங்கோவன். "தேசப்பன் திரும்பி வந்தார்."

"ஃபைலை மாத்தச் சொன்னா, தலையெழுத்தையே மாத்திட்டியாடா?" என்றேன்.

பழைய திரையில் 'திரும்பவில்லை' என்றுதான் இருந்தது. மறுபடி மாற்றினான். "இன்று காலை திரும்பி வந்தார்."

தெய்வநாயகி சிரிக்கவில்லை. "இன்னொரு வாட்டி போடு நைனா."

இந்த முறை ஒரு வரி கூடியிருந்தது. இளங்கோவன் திரையை என் பக்கம் திருப்பினான். நான்தான் படித்தேன்.

"வீடு பூட்டியிருக்கிறது. வாசலில் காத்திருக்கிறார்."

அவள் இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தாள்.

"அந்தக் கரைக்கு அடுத்த படகு எப்போ பாய்?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். காற்று ஏறிவிட்டதென்று, காலையில் அவளை இறக்கிவிட்ட நடையோடு படகை நிறுத்தியிருந்தார்கள்.