பத்துக்கு ஒன்று

“பெற்றோர் கருத்து... பத்துக்கு ஒன்று.”

தலைமையாசிரியை ஜெயராணி பெற்றோர் கூட்டத்தில் வாசித்து முடித்தாள். படிப்புக்கு எட்டு, வருகைக்கு ஒன்பது, ஒழுகும் கட்டடத்துக்கே ஆறு. பெற்றோர் போட்ட மார்க்தான் ஒன்று.

பள்ளியின் தர அறிக்கையைக் கூட்டத்தில் உரக்க வாசித்து, வாசற்கதவிலும் ஒட்ட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. திட்டு வாங்கியதை, திட்டினவர்களுக்கே படித்துக் காட்டும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்!

அறிக்கை நேற்றே கைக்கு வந்துவிட்டது. அப்போதிருந்தே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் கல்வி ஆபீசில் ஒரு காகிதத்தைக் கொடுத்துவிட்டு, ஆட்டோ கிடைக்காமல் மேடேறி நடந்தே வந்ததில் காலும் கடுத்தது.

“யாராவது ஏதாவது கேக்கணுமா?”

ஹேடோ துறைமுகத்தில் கப்பல் சரக்கு இறக்கும் முருகானந்தம் மட்டும் எழுந்து, “சப் டீக் ஹை, மேடம். ஒண்ணுமில்ல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்கியது போலிருந்தது.

ஜெயராணி பசை டப்பாவை எடுத்து வைத்தாள். போன வருஷம் தலைமையாசிரியராக இருந்த திருநாவுக்கரசு சாருக்கு இதே ஆட்கள் பத்துக்குப் பத்து போட்டார்கள். அடுத்த மாதமே அவர் மாற்றலாகி, தென்கோடித் தீவில் இருக்கும் கேம்பல் பேவுக்குக் கப்பல் ஏறியபோது, துறைமுகம்வரை போய் அழுதார்கள். அவருக்குக் கண்ணீர், தனக்கு ஒன்று.

கூட்டம் கலைந்தது. அறிக்கையைக் கதவில் ஒட்டும்போது ஒரு கை வந்து காகிதத்தின் மறுமுனையைப் பிடித்தது. ஜங்லிகாட் சந்தையில் மீன் விற்கும் பேச்சியம்மா. கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தவளுக்குச் சாயங்காலம் உட்கார வைத்து எழுத்துப் பழக்கியவளே ஜெயராணிதான்.

“நீயுமா ஒண்ணு போட்ட?”

“ஆமா டீச்சர். நானே என் கையால எழுதினேன்” என்றாள் பேச்சியம்மா, பெருமையாக.

“அப்படி நான் என்ன கொற வச்சேன்? சொல்லிட்டுப் போ.” குரல் உடைந்துவிட்டது.

பேச்சியம்மா பதறிப்போனாள்.

“அய்யய்யோ, கொறையா? நல்லாருக்கே கத! எல்லாரும் கூடிப் பேசித்தான டீச்சர் ஒண்ணு போட்டோம். அந்த சாருக்குப் பத்து போட்டு என்னாச்சு? இவ்வளவு நல்ல வாத்தியாரு, பின்தங்கின ஸ்கூலத் தூக்கி நிறுத்தட்டும்னு கேம்பல் பேவுக்குக் கொண்டுபோயிட்டாங்க. ஒங்களையும் விட்டுக் குடுக்க முடியுமா? ஒரு மார்க் வாங்குன டீச்சர எவன் வந்து கேப்பான்?”

ஜெயராணி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். விரலில் பசை காய்ந்துகொண்டிருந்தது.

“என்ன டீச்சர், சிரிப்பீங்கன்னு பாத்தா அழுறீங்க?”

“இங்க யாருக்கும் நான் வேண்டாம்னு நெனச்சு, கேம்பல் பேவுக்கு மாத்தல் கேட்டு இன்னிக்குக் காலையிலதான் எழுதிக் குடுத்தேன், பேச்சியம்மா.”