பட்டியலில் ஒரு முகவரி

ஒன்பது வருடமாக ஒரு வீடுகூட விற்காதவளுக்கு வீடு விற்கும் உரிமம் எதற்கு?

இதைக் கேட்கத்தான் மாநில ரியல் எஸ்டேட் ஆணையத்தின் ஆய்வாளர் ஹாஸ்கின்ஸ், சோளக்காடுகளைத் தாண்டி நூற்றைம்பது மைல் கார் ஓட்டி வந்தார். இந்த ரகத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். உரிமம் இவர்கள் பேரில் சுவரில் தொங்கும். அதைக் காட்டித் தொழில் பண்ணுவது வேறு எவனோவாக இருக்கும்.

அந்த உரிமத்துக்குச் சொந்தக்காரி லோர்னாவின் அலுவலகத்தில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. அலமாரியில் ஒரு கோப்புகூட இல்லை. ஆனால் உரிமத்தைப் புதுப்பிக்க ஆணையம் நடத்தும் வகுப்பு ஒன்றைக்கூட அவள் விட்டதில்லை.

"உண்மையைச் சொல்லுங்க மேடம். உரிமத்தை யாருக்கு இரவல் கொடுத்திருக்கீங்க?"

"யாருக்கும் இல்ல சார்."

"அப்ப செயல்படாத உரிமம்னு மாத்திக்குங்க. வகுப்பும் வேண்டாம், ஆபீஸும் வேண்டாம்."

"மாத்தினா உங்க வெப்சைட்டுப் பட்டியல்ல என் முகவரி வருமா?"

"வராது. அன்னிக்கே எடுத்துடுவோம்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. அபராதம் போடுங்கள், இன்னும் நாலு வகுப்புக்கு வேண்டுமானாலும் வருகிறேன், முகவரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சினாள். ஒளிக்க ஒன்றும் இல்லாதவள் இப்படிக் கெஞ்சுவாளா என்ன? ஹாஸ்கின்ஸ் பேனாவைத் திறந்தார்.

"நான் கடைசியா வித்தது எங்க சொந்த வீட்டை சார். விவாகரத்துக்கு அப்புறம் வேற வழி தெரியல. 'என்னை ஒரு வார்த்தை கேட்டியா?'ன்னு சண்டை போட்டுட்டு என் பொண்ணு டார்சி பஸ் ஏறிட்டா. அப்ப அவளுக்குப் பதினேழு வயசு. அதுக்கப்புறம் எனக்கு எந்த வீட்டையும் விக்கக் கை வரல."

ஹாஸ்கின்ஸ் எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நாலு வாடகை வீடு மாறிட்டேன். போன் நம்பரும் மாறிடுச்சு. அம்மா வீடு விக்கிறவங்கிறது மட்டும் அவளுக்குத் தெரியும். என்னிக்காவது தேடணும்னு தோணிச்சுன்னா, உங்க பட்டியல்லதான் தேடுவா."

 

ஹாஸ்கின்ஸ் ஆய்வுப் படிவத்தை நிரப்பினார். அலுவலகம் இயங்குகிறதா? 'ஆம்.' உரிமம் தொடரலாமா? 'தொடரலாம்.'

'எதிர்பார்க்கும் வாடிக்கையாளர்கள் எத்தனை பேர்?' என்ற கட்டத்தில் 'ஒருவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.