பாயிண்ட் ரெண்டு வோல்ட்

“எவனோ கூடவே இருந்து குழி பறிச்சிருக்கான்! தைரியம் இருந்தா முன்னால வரட்டும்!”

முதலாளி போட்ட சத்தத்தில், பட்டறையில் மின்விசிறியைத் தவிர எல்லாம் நின்றுவிட்டது.

அவர் கையில் ஒரு சர்க்யூட் போர்டு. பிறந்த குழந்தைகளைக் கிடத்தும் சூட்டுத் தொட்டிலுக்கானது. நாற்பது போர்டுகளைப் பெட்டியில் அடுக்கியாகிவிட்டது. நாலு மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வருகிறது. எதற்கும் ஒருமுறை பார்ப்போமே என்று ஒன்றைப் பிரித்தார். காலியாக இருக்க வேண்டிய இடத்தில், அரிசிமணி அளவில் ஐந்து கால் சிப் ஒன்று உட்கார்ந்திருந்தது. இன்னொன்றைப் பிரித்தார். அதிலும். நாற்பதிலும்.

“உன் வேலையாடா?” என்று மச்சானைப் பிடித்தார்.

“நான் ஒரு வேலையும் செய்யறதில்லைன்னு நேத்துதானே சொன்னீங்க மாமா?”

“வாயை மூடு! எவனோ போட்டிக் கம்பெனிக்குக் கை நீட்டிட்டான். நம்மளை நடுத்தெருவில நிறுத்தப் பார்க்கறான்!”

டெஸ்டிங் மேஜையிலிருந்த பெண் எழுந்தாள். ஏழு வருஷமாக நாலு வார்த்தை சேர்த்துப் பேசி அறியாதவள்.

“நான்தான் அண்ணே.”

அவர் மச்சானை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“நீயா? உன்னை வீட்டு மனுஷியா நினைச்சேனே! யாரைக் கேட்டும்மா கை வெச்ச?”

“உங்களை மூணு தடவை கேட்டேன். ‘அப்புறம் பார்க்கலாம்’னீங்க.”

“பிடுங்கு! நாற்பதையும் பிடுங்கு! இது இல்லாமலே ஜோரா ஓடுது, பார்!”

தன் மேஜையில் வைத்திருந்த மாதிரிப் போர்டுக்குச் சுவிட்சைப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. ஹீட்டர் சுட்டது.

“பார்த்தியா?”

அவள் அவர் மேஜைக்கு வந்தாள். அவருடைய பழைய அடாப்டரைக் கழற்றிவிட்டு, ஆஸ்பத்திரியில் மாட்டுகிற புது அடாப்டரைச் செருகினாள்.

“இப்பப் போடுங்க.”

போட்டார். விளக்கு எரியவில்லை. தட்டினார். ஊதினார். அணைத்து அணைத்துப் போட்டதில் நாலாவது தடவை வேண்டாவெறுப்பாக எரிந்தது.

“என்னம்மா இது? நல்ல கரண்ட் கொடுத்தா படுத்துக்குது!”

“கன்ட்ரோல் சிப் கொடுக்கறது மூணு பாயிண்ட் மூணு வோல்ட் அண்ணே. ஹீட்டர் சிப் ஓடறது அஞ்சு வோல்ட்ல. அதோட ‘எனேபிள்’ங்கற காலுக்கு மூணரை வந்தாத்தான், நம்மளை ஆன் ஆகச் சொல்றாங்கன்னு அது நிச்சயமா எடுத்துக்கும். உங்க அடாப்டர் கிழடு, நாலரைதான் தருது. அதனால அங்கே கம்மி வோல்டே போதுமாயிடுது. இந்தப் பொடிச் சிப் நடுவில நின்னு, மூணு பாயிண்ட் மூணை வாங்கி அஞ்சா ஏத்திக் கொடுக்கும். முதல்ல டிசைன்ல இருந்ததுதான்.”

“அப்புறம் எந்த முட்டாள் எடுத்தான்?”

மச்சான் ஃபைலிலிருந்து ஒரு தாளை நீட்டினான். கொஞ்சம் தள்ளி நின்றே நீட்டினான்.

அந்தச் சிப்பின்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் முதலாளியின் கையெழுத்திலேயே: ‘மூணரை கேட்டால் மூணு பாயிண்ட் மூணுக்கு முடி. பாயிண்ட் ரெண்டுக்கு ஒரு சிப்பா?’

சொன்ன விலைக்கு ஒரு கைக்குட்டைகூட வாங்கியதில்லை அவர். தாளை இரண்டு தடவை படித்தார். உட்கார்ந்தார்.

“இத்தனை சிப் ஏதும்மா உனக்கு?”

“சிப் கம்பெனிக்குச் சாம்பிள் கேட்டு எழுதினேன். சும்மாவே அனுப்பிட்டாங்க. சாப்பாட்டு நேரத்தில ரெண்டு ரெண்டா வெச்சு முடிச்சேன்.”

“சும்மாவா?” தாளைவிட அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

சட்டென்று நிமிர்ந்தார். “ஏம்மா, போன மாசம் பன்னிரண்டு அனுப்பினோமே?”

“அதில இல்லை அண்ணே. நர்ஸுங்க ஆஃப் பண்ணி ஆன் பண்ணி ஓட்டிக்கிட்டிருக்காங்க. இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா அவசரத்துல ஒரு குழந்தை வந்துதுன்னா...”

முடிக்காமல், தன் மேஜைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தாள். சின்னக் காகித உறையை அவர் முன்னால் வைத்தாள். உள்ளே பன்னிரண்டு சிப்.

முதலாளி உறையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போனை எடுத்தார்.

“சிஸ்டர், எங்க தொட்டில் பன்னிரண்டிலேயும் கோளாறு இருக்கு. ஆமா, எங்க தப்புதான். பண்ணினவன் மாட்டிக்கிட்டான். இப்பவே அனுப்பறேன்.”

அந்தப் பக்கம் ஆள் அடையாளம் கேட்டிருக்க வேண்டும். அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

“நீலக் கோடு போட்ட சட்டை. பாதி வழுக்கை. சோல்டரிங் நல்லாத் தெரியும், சொன்னா கேட்கத்தான் தெரியாது. பன்னிரண்டையும் அவன் கையாலேயே சரி பண்ணி முடிக்கிற வரைக்கும் வாசலைத் தாண்ட விடாதீங்க!”