கயிற்றை விடுவது

மேல் கால்வாயிலிருந்து கீழ் கால்வாய்க்குப் படகுகளை இறக்கும் தொட்டியில் பொன்னரங்கம் காவலாளி. யார் படகானாலும் அவன்தான் இறக்கிவிட வேண்டும். இன்று வந்த படகில் அவன் மனைவி அமிர்தவல்லி தையல் மெஷினோடும் டிரங்குப் பெட்டியோடும் நின்றாள். படகு தொட்டிக்குள் வந்ததும் அவன் பின்கதவைச் சாத்தி, தண்ணீர் வடிய மதகைத் திறந்துவிட்டு, கரையில் நின்று படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். தண்ணீர் வடிய வடிய, எதிரே இருந்த அவள் முகம் அவன் முழங்காலுக்குக் கீழே போயிற்று.

“குழம்பு நாளைக்கும் வரும்,” என்றாள்.

“ம்.”

படகு ஒருபக்கம் தூக்கியது. மெஷின் நகர்ந்தது.

“கயித்த விடுங்க. படகு சாயுதுல்ல.”

எல்லாருக்கும் விடுவதுபோலவே கொஞ்சம் கொஞ்சமாக விட்டான். தண்ணீர் சமமானதும் முன்கதவைத் திறந்தான். படகு போய்விட்டது.

கீழே வேறு படகு எதுவும் காத்திருக்கவில்லை. ஆனாலும் கதவைச் சாத்தித் தொட்டியை நிரப்பினான். அவள் நின்றிருந்த மட்டத்துக்குத் தண்ணீர் மட்டும் ஏறி வந்தது.